பாரிஸ் தையற்காரர்களைக் காப்பாற்றியது எது?

(தையல் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூலி உயர்வைப் பற்றியும் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதைப் பற்றியும் நமக்கு முன்னால் பேசிய தோழர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். அதையே நாமும் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நம்முடைய தொழிலையே செய்து பிழைத்த, ஆனால் நம்மில் ஒருவரும் கண்ணால் கண்டிராத ஒரு கூட்டத்தாரின் வரலாற்றை இன்று சொல்ல விரும்புகிறோம். அவர்கள் பாரிஸ் நகரத்து யூதத் தையல் தொழிலாளர்கள். பிழைக்க வந்த நாட்டில், இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே, ஹிட்லர் பட்டாளத்தின் காலடியில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். வாழ்ந்தவர்கள் என்பதைவிட வேட்டையாடப்பட்டவர்கள் என்பதே பொருத்தம்.

வேட்டை தொடங்கியபோது அவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சர்க்கார் சொல்வதைச் செய்து சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தால் விட்டுவிடுவார்கள் என்பது முதல் வழி. நம் கைத்தொழில் எதிரிக்கே தேவைப்படுகிறது, ஆகவே நம்மைத் தொடமாட்டான் என்பது இரண்டாவது வழி. நாலு பேர் கூடி, ஒருவரையொருவர் தாங்கி, அக்கம்பக்கத்தாரின் துணையோடு எதிர்த்து நிற்பது மூன்றாவது வழி. மூன்றிலும் அவர்கள் நடந்து பார்த்தார்கள். எந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் நம் பேச்சு.

போலந்திலிருந்து பெல்விலுக்கு

முதலில் இவர்கள் யார், எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்ப்போம்.

போலந்து, ருமேனியா, ஹங்கேரி முதலிய நாடுகளில் யூத ஏழை மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வேலை கிடைப்பது அரிது. கிளர்ச்சி செய்தால் சிறை. அவ்வப்போது வெறியர் கும்பல் வீடு புகுந்து அடிக்கும். அமெரிக்கா 1924-ல் குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டது. பிரான்ஸோ முதல் உலக யுத்தத்தில் லட்சக்கணக்கான ஆண்களைப் பறிகொடுத்துவிட்டு உழைக்கும் கைகளைத் தேடிக்கொண்டிருந்தது. மாபெரும் புரட்சி நடந்த நாடு, யூதருக்கு 1791-லேயே சம உரிமை வழங்கிய நாடு என்ற பெயர் வேறு. கிழக்கு ஐரோப்பிய யூத மக்களின் பேச்சுமொழி இட்டிஷ். சுகமாக வாழ்பவனை 'பிரான்ஸில் கடவுள் வாழ்வதுபோல் வாழ்கிறான்' என்று அந்த மொழியில் சொல்வார்கள்.

அந்தச் சொலவடையை நம்பி வந்தவர்கள் கண்டது என்ன? பெல்வில் மேட்டிலும், மாரே பகுதியின் சந்துகளிலும், 11-வது வட்டாரத்திலும் ஆறாவது மாடியில் ஒண்டுக் குடித்தனம். ஜன்னலோரம் தையல் மிஷின். அதற்குப் பக்கத்தில் இஸ்திரி போடும் மேஜை. இரவில் அதையே ஒதுக்கிவிட்டுக் குழந்தைகளுக்குப் படுக்கை. துணிக்கட்டை முதலாளியிடம் வாங்கி வந்து, தைத்து, மறுபடி சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சீசனில் விடியவிடிய வேலை. சீசன் ஓய்ந்தால் வாரக்கணக்கில் கை கட்டி உட்கார வேண்டும். வேலை செய்ய அனுமதிச் சீட்டு இல்லாதவர்களின் கதியோ இன்னும் மோசம். மிஷின் ஓசை தெருவில் கேட்டுவிடுமோ என்ற பயத்தோடுதான் காலை மிதியில் வைக்க வேண்டும். 1938 மே மாதம் வந்த அவசரச் சட்டம் இத்தகையோரைச் சிறையில் தள்ளவும் நாடு கடத்தவும் வழி செய்தது.

இதையெல்லாம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உருப்படிக் கூலி என்றால் என்ன, காஜாவுக்கும் பட்டனுக்கும் கணக்கில் வெட்டுவது என்றால் என்ன என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

ஆனால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. தொழிற்சங்கங்களில் இட்டிஷ் பேசும் கிளைகள் அமைத்தார்கள். 1934 ஜனவரி 1-ம் தேதி 'நய ப்ரெஸ்ஸ' என்ற கம்யூனிஸ்ட் நாளேட்டை இட்டிஷ் மொழியில் தொடங்கினார்கள். 1936-ல் பிரான்ஸ் முழுவதும் வேலைநிறுத்தம் பரவி, வாரத்துக்கு 40 மணி நேர வேலையும் இரண்டு வாரச் சம்பள விடுமுறையும் கிடைத்தபோது அந்தப் போராட்டத்தில் இவர்களும் நின்றார்கள். ஸ்பெயினில் குடியரசைக் காக்கப் பாரிஸிலிருந்து போன யூதத் தொழிலாளர்கள் பலர். சர்வதேசப் படையில் போட்வின் என்ற பெயர் தாங்கிய யூதப் பிரிவு ஒன்று 1937 டிசம்பரில் உருவாயிற்று. பாசிசம் என்றால் என்ன என்பதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல இவர்கள்.

சணல் கயிற்றுப் பட்டாளம்

1939 செப்டம்பர் 3-ம் தேதி பிரான்ஸ் யுத்தத்தில் இறங்கியது. அதற்குப் பத்து நாளைக்கு முன்புதான் சோவியத்-ஜெர்மன் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அது இந்தத் தொழிலாளர்களிடையே பெரும் குழப்பத்தையும் மனவேதனையையும் உண்டாக்கியது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கம்யூனிஸ்ட் கட்சியையும் பிரெஞ்சு சர்க்கார் அந்த மாதமே தடை செய்தது.

இவ்வளவுக்கும் இடையில், குடியுரிமை இல்லாத இந்த மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று பட்டாளத்தில் பெயர் கொடுத்தார்கள். வெளிநாட்டுத் தொண்டர்களைக் கொண்டு தனி ரெஜிமெண்டுகள் அமைத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த தளவாடம் என்ன தெரியுமா? பழைய துப்பாக்கி, தோல் வாருக்குப் பதில் சணல் கயிறு. 'கயிற்று ரெஜிமெண்ட்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்துவிட்டது. அப்படியும் 1940 கோடையில் சோம் நதிக்கரையில் அவர்கள் டாங்கிகளை எதிர்த்து நின்றார்கள். பலர் மடிந்தார்கள், பலர் சிறைப்பட்டார்கள். ஜூன் 14-ம் தேதி ஜெர்மன் பட்டாளம் பாரிஸுக்குள் நுழைந்தது. மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி நகரில் சரணாகதி சர்க்கார் ஏற்பட்டது.

முதல் வழி: சட்டத்துக்குக் கட்டுப்படுதல்

1940 செப்டம்பர் 27-ம் தேதி ஜெர்மானியர் ஒரு கட்டளை போட்டார்கள்: யூதர்கள் எல்லோரும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பாரிஸ் மாவட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் போய்ப் பதிந்தார்கள். ஏன் போனார்கள்? நீண்ட காலம் அனுமதிச் சீட்டுக்காகப் போலீஸ் நிலைய வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு, சீட்டு ஒழுங்காக இருந்தால்தான் உயிர் தங்கும் என்பது அனுபவம் சொல்லிக் கொடுத்த பாடம். சட்டத்தை மீறினால் நாடு கடத்துவார்கள் என்று பயந்து பழகியவர்கள் அவர்கள். ஆகவே சட்டப்படி நடந்தார்கள்.

அந்தப் பதிவை வைத்துப் பாரிஸ் போலீஸ் தலைமையகம் அட்டைகள் தயாரித்தது. பெயர் வாரியாக ஒரு வரிசை, தெரு வாரியாக ஒன்று, தொழில் வாரியாக ஒன்று, நாடு வாரியாக ஒன்று. பெல்வில் தெருவொன்றில் போலந்திலிருந்து வந்த தையற்காரர் எத்தனை பேர் என்றால், இழுப்பறையைத் திறந்து எடுத்துவிடலாம்! அக்டோபர் 4-ம் தேதி விஷி சர்க்கார் போட்ட சட்டம், வெளிநாட்டு யூதர்களை விசாரணையின்றி முகாமில் அடைக்க அதிகாரிகளுக்கு உரிமை கொடுத்தது.

1941 மே மாதம் அட்டை வேலை செய்யத் தொடங்கியது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு யூத ஆண்களுக்குப் பச்சை நிறச் சீட்டு வந்தது. 'உங்கள் நிலைமையைப் பரிசீலிக்க வேண்டும். மே 14-ம் தேதி காலை வரவும். உறவினர் அல்லது நண்பர் ஒருவரைக் கூட அழைத்து வரவும்' என்பது அதன் சாரம். சுமார் 3,700 பேர் போனார்கள். போனவர்களை அங்கேயே பிடித்துக்கொண்டு, கூட வந்தவர்களை வீட்டுக்கு ஓடிப்போய்க் கம்பளியும் மாற்றுத்துணியும் எடுத்துவரச் சொன்னார்கள். கூட ஒருவரை அழைத்துவரச் சொன்னதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. பித்திவியே, போன்-லா-ரொலாந்து என்ற இரண்டு முகாம்களில் அவர்களை அடைத்தார்கள். ஓராண்டு கழித்து அங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு ரயில் புறப்பட்டது. அதில் ஏற்றப்பட்டவர்களில் 1939-ல் பிரான்ஸுக்காகத் துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்டு.

பச்சைச் சீட்டு வந்தும் போகாதவர்கள் மூவாயிரம் பேர். அன்று தப்பியவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது வழி: எதிரிக்குப் பயன்படுதல்

தோழர்களே, இந்த இடத்தில்தான் நம் தொழிலின் கதை வருகிறது. 

1941 குளிர்காலத்தில் ஹிட்லரின் படைகள் சோவியத் மண்ணில் உறைந்து கிடந்தன. கையுறை வேண்டும், கம்பளிப் பனியன் வேண்டும், ரோமத்தோல் அங்கி வேண்டும். பாரிஸில் இவற்றைச் செய்யத் தெரிந்த கைகள் பெரும்பாலும் யூதக் கைகள். எனவே ராணுவத்துக்கு வேலை செய்யும் பட்டறைகளில் சேர்ந்தவர்களுக்கு ஜெர்மன் அதிகாரிகள் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் போலீஸ் பிடிக்காது. மனைவி மக்களுக்கும் பாதுகாப்பு உண்டு.

இதை வாங்கியவர்களைத் துரோகிகள் என்று நாம் சொல்லலாமா? கூடாது. புருஷனை ஏற்கனவே முகாமில் பறிகொடுத்துவிட்டு, இரண்டு குழந்தைகளோடு நிற்கும் ஒரு பின்னல் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நாளைக்கே அவளைப் பிடித்துவிடலாம். அதை வாங்கினாலோ, அவள் பின்னும் கையுறை யாருடைய கையைச் சூடாக்கப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுவதும் மிஷின் முன்னால் உட்கார்ந்து அவள் பட்ட வேதனையை, ஆபத்தில்லாத இந்த மண்டபத்தில் இருந்துகொண்டு நாம் அளந்து பார்க்க முடியாது.

ஆனால் தலைமறைவாக இயங்கிய யூதக் கம்யூனிஸ்டுகள் உண்மையைச் சொன்னார்கள்: இந்தப் பாதுகாப்பு நிலைக்காது; பட்டறையை விட்டு வெளியேறுங்கள்; வெளியேற முடியாதவர்கள் வேலையைக் கெடுங்கள். மறைவு இடமும் உதவித் தொகையும் தேடிக் கொடுக்கவும் முயன்றார்கள். பட்டறைகளில் வேலை மந்தமாயிற்று. கையுறையும் அங்கியும் நாள் கடந்தும், கோளாறோடும் போய்ச் சேர்ந்தன. தையல் எங்கே பிரியும் என்பது தைத்தவருக்குத் தெரியாதா? சில பட்டறைகளில் இளைஞர்கள் புகுந்து மிஷின்களையே உடைத்தார்கள். வாழ்நாளெல்லாம் தன் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று பெருமைப்பட்ட தொழிலாளி, வேண்டுமென்றே மோசமாகத் தைக்கக் கற்றுக்கொண்டான்.

அந்தச் சீட்டுகள் என்னவாயின? தேவை இருந்தவரை செல்லுபடியாயின. பின்னர் ஒவ்வொன்றாகச் செல்லாமற் போயின. வைத்திருந்தவர்களில் பலரையும் ரயிலில் ஏற்றினார்கள். எதிரிக்குப் பயன்பட்டவன் கடைசியில் பிடிபட்டான், அவ்வளவுதான்.

ஜூலை 16

1942 ஜூன் 7-ம் தேதி முதல் ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர் அனைவரும் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டளை. துணி ரேஷனிலிருந்து அதற்கும் கூப்பன் கழித்தார்கள்! தையற்காரரின் வீட்டில், அவருடைய ஊசியாலேயே, அவருடைய குழந்தையின் சட்டையில் அது ஏறியது.

ஜூலை 16-ம் தேதி விடியற்காலையில் அந்த அட்டைகள் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தன. 27,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஜெர்மன் சிப்பாய் எவனும் படியேறவில்லை. கதவைத் தட்டியவர்கள் பிரெஞ்சுப் போலீஸார். இரண்டு நாளில் சுமார் 13,000 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 4,100-க்கும் மேற்பட்டவர் குழந்தைகள்.

ஏன் இத்தனை பெண்கள், இத்தனை குழந்தைகள்? முன்பெல்லாம் ஆண்களைத்தான் பிடித்தார்கள். வேட்டை வரப்போகிறது என்ற செய்தி பரவியபோது ஆண்கள் ஒளிந்துகொண்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

குழந்தை உள்ள குடும்பங்களை வெல் திவ் என்ற சைக்கிள் பந்தய அரங்கத்தில் அடைத்தார்கள். கொதிக்கும் கோடையில், தண்ணீரும் கக்கூஸும் இல்லாமல், எண்ணாயிரம் பேர் பல நாள் கிடந்தார்கள். அங்கே காவலுக்கு வந்த தீயணைப்புத் தொழிலாளர்கள் குழாயைத் திறந்து தண்ணீர் கொடுத்தார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த கடிதங்களைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துவந்து தபாலில் சேர்த்தார்கள். பின்னர் முகாம்களில் தாய்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்து முதலில் அனுப்பினார்கள். குழந்தைகளையும் அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் விஷியின் பிரதம மந்திரி லவால். ஆகஸ்டில் அந்தக் குழந்தைகளும் ஆஷ்விட்ஸுக்குப் போயின. திரும்பவில்லை.

இந்தக் குற்றத்தில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று அந்நாட்டு ஜனாதிபதி ஒருவர் வாய்விட்டுச் சொல்ல 1995-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அதைச் சொன்னவர் ஜாக் ஷிராக்.

மூன்றாவது வழி: அக்கம்பக்கத்தாரும் அமைப்பும்

ஆனால் கணக்கை இன்னொரு முறை பாருங்கள். பட்டியலில் இருந்தவர் 27,000-க்கு மேல், பிடிபட்டவர் 13,000. மற்றவர்கள் எங்கே போனார்கள்?

1940 ஜூலையிலேயே யூதக் கம்யூனிஸ்டுகள் 'ஸொலிதாரித்தே' அதாவது 'ஒருமைப்பாடு' என்ற ரகசிய அமைப்பை ஏற்படுத்தியிருந்தார்கள். சிறைப்பட்டவர்களின் குடும்பத்துக்குப் பணம் சேர்ப்பது, முகாமுக்குப் பொட்டலம் அனுப்புவது, தலைமறைவுப் பத்திரிகை அச்சடிப்பது இவையே அதன் வேலை. ஜூலை வேட்டைக்கு முன் அந்த அமைப்பினர் இட்டிஷ் மொழியில் துண்டுப்பிரசுரம் வெளியிட்டு, வீட்டில் இருக்காதீர்கள், குழந்தைகளை மறைத்துவிடுங்கள் என்று எச்சரித்தார்கள். அதைப் பெரும்பாலும் வீடு வீடாகக் கொண்டு சென்றவர்கள் பெண்கள். கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரி தன் சமையலறையில் நாலு பேரை ஒளித்து வைத்தாள். சில போலீஸ்காரர்கள் முந்தின நாளே காதில் போட்டார்கள். காட்டிக் கொடுத்த வாசற்காவல்காரர்களும் இருந்தார்கள். கதவைத் திறந்துவிட்ட வாசற்காவல்காரர்களும் இருந்தார்கள்.

கம்யூனிஸ்டுகள் மட்டுமே இதைச் செய்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அமெலோ தெருவில் வேறு கொள்கை கொண்ட யூத சோஷலிஸ்டுகளும் பிறரும் ஒரு கமிட்டி வைத்து, இலவசச் சாப்பாட்டுக் கூடங்களும் கள்ள அடையாளச் சீட்டுகளுமாகப் பலரைக் காத்தார்கள். துலூஸ் நகரத்து கத்தோலிக்க ஆர்ச்பிஷப் சலியேஜ் 1942 ஆகஸ்டில் கோயில்களில் கண்டனக் கடிதம் வாசிக்கச் செய்தார்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறோம். பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் பாரிஸில் யூதக் குழந்தைகளுக்கான விடுதிகளில் இருந்தார்கள். போலீஸுக்கு அவர்கள் இருக்குமிடம் தெரியும். எந்த நாளும் வந்து பிடிக்கலாம். 1943 பிப்ரவரியில் 'ஸொலிதாரித்தே' பெண்களும், பெல்ஜிய நாட்டவரான சுஸான் ஸ்பாக் அம்மையாரும், போல் வெர்காரா என்ற புராட்டஸ்டண்ட் பாதிரியாரும் கூடித் திட்டமிட்டார்கள். குழந்தைகளை உலாவ அழைத்துப் போக வெளியாருக்கு அனுமதி இருந்தது. பாதிரியாரின் சபையைச் சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக விடுதிக்குப் போய், உலாவ என்று சொல்லிக் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். திரும்பக் கொண்டுபோய் விடவில்லை. அறுபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இப்படி மறைந்தார்கள். கிராமத்துக் குடும்பங்களில் வளர்ந்தார்கள். சுஸான் ஸ்பாக்கை நாஜிகள் 1944 ஆகஸ்டில், பாரிஸ் விடுதலைக்குச் சில நாள் முன்பு சுட்டுக் கொன்றார்கள்.

பெற்றோரை இழந்த இளைஞர்கள் வேறு விதமாகவும் பதில் சொன்னார்கள். கட்சியின் குடியேறிய தொழிலாளர் பிரிவிலிருந்து 1942-ல் ஆயுதக் குழுக்கள் தோன்றின. மார்ஸெல் ரைமான் வார்ஸாவில் பிறந்த பின்னல் தொழிலாளி. தகப்பனாரை 1941-ல் பிடித்துக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுத் தொழிலாளர்களை ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்த யூலியஸ் ரிட்டரை, 1943 செப்டம்பர் 28-ம் தேதி ரைமானின் குழு சுட்டு வீழ்த்தியது. தன்னை 'அந்நியன்' என்று அட்டையில் குறித்த நாட்டின் தொழிலாளர்களுக்காக அந்தப் பையன் துப்பாக்கி எடுத்தான். ருமேனிய யூதப் பெண் ஓல்கா பான்சிக் ஆயுதங்களை ஊருக்குள் சுமந்து சென்று சேர்ப்பித்தாள்.

பாரிஸ் போலீஸின் விசேஷப் படை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, 1943 நவம்பரில் அவர்களைப் பிடித்தது. தலைவர் மிஸாக் மனுஷியான் ஆர்மீனியத் தொழிலாளி. பத்துப் பேரின் படத்தைச் சிவப்புச் சுவரொட்டியில் அச்சடித்து, இவர்கள் அந்நியக் குற்றவாளிகள் என்று ஊரெங்கும் ஒட்டினார்கள். அந்தப் பத்தில் ஏழு பேரின் பெயருக்குக் கீழே 'யூதன்' என்று இருந்தது. ஜனங்கள் அஞ்சவில்லை, சுவரொட்டியின் கீழே பூ வைத்தவர்களும் உண்டு. 1944 பிப்ரவரி 21-ம் தேதி 22 பேரை மோன்-வலேரியன் குன்றில் சுட்டுக் கொன்றார்கள். ரைமானுக்கு வயது இருபது. ஓல்காவை மே 10-ம் தேதி, அவளுடைய 32-வது பிறந்த நாளில், ஸ்டுட்கார்ட் சிறையில் தலையை வெட்டிக் கொன்றார்கள். எண்பது ஆண்டு கழித்து, 2024 பிப்ரவரி 21-ம் தேதி, மனுஷியானுக்கும் அவர் மனைவி மெலினேக்கும் பாந்தியோனில் இடம் கொடுத்துப் பிரான்ஸ் வணங்கியது.

கணக்கும் பாடமும்

மூன்றாவது வழியும் எல்லோரையும் காப்பாற்றவில்லை. உங்களிடம் கூட்டிச் சொல்ல நாம் விரும்பவில்லை. பிரான்ஸிலிருந்து சுமார் 76,000 யூதர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் 11,000-க்கும் மேற்பட்டவர் குழந்தைகள். உயிரோடு திரும்பியவர் ஏறக்குறைய 2,500 பேர். கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் ஆறாவது மாடியில் வேறு யாரோ குடியிருக்கக் கண்டார்கள், மிஷினைக் காணோம். 1945-ல் அவர்களுடைய வீட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று ஊர்வலம் விட்டவர்களும் இருந்தார்கள்! 

ஆனால் பிரான்ஸிலிருந்த யூதர்களில் நான்கில் மூவர் உயிர் பிழைத்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஜெர்மன் பட்டாளம் தொடக்கத்தில் நேராகப் பிடிக்காத தென்பகுதி ஒரு காரணம். மலையும் கிராமமும் ஒரு காரணம். எனினும் கள்ளச் சீட்டு எழுதிக் கொடுத்த குமாஸ்தாவும், குழந்தையைத் தன் பிள்ளை என்று சொன்ன விவசாயக் குடும்பமும், இரவில் துண்டுப்பிரசுரம் சுமந்த பின்னல் தொழிலாளியும் இல்லாமல் அந்த மலையும் கிராமமும் யாரையும் காப்பாற்றியிருக்காது.

தோழர்களே, இந்தக் கதையை வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து மிஷினில் வந்து உட்காரும் புதிய ஆள் வேறு மொழி பேசலாம், வேறு சாமியைக் கும்பிடலாம், கையில் சரியான சீட்டு இல்லாமல் இருக்கலாம். அவன் நம் கூலியைக் கெடுக்க வந்தவன் என்று முதலாளி நம் காதில் ஓதுவான். நாளைக்கு யார் பெயர் பட்டியலில் ஏறும் என்று ஒருவருக்கும் தெரியாது. முதலில் அவன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அவனைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!